மருந்துத் தூசியும் மூச்சுத்திணறலும்

வெளிநோயாளர் பிரிவுக்கு வந்த முப்பத்தெட்டு வயதுடைய ஒருவர், சில மாதங்களாக இரவில் இருமலும் மூச்சிரைப்பும் தம்மை உறங்க விடுவதில்லை என்றார். புகைப்பழக்கம் இல்லை, மார்பு எக்ஸ்ரே இயல்பாகவே இருந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு, "மருந்துக் கம்பெனி, டாக்டர்" என்றார். அத்துடன் நான் நிறுத்தியிருக்கக்கூடும். உடன்வந்த அவர் மனைவிதான், "தீபாவளிக்கு ஊருக்குப் போன அஞ்சு நாளும் இவர் இருமவே இல்லைங்க" என்றார். நோயின் காரணம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அவர் மருந்து கலப்பவர் அல்லர். பொறியியல் பிரிவின் தொழில்நுட்பர். மாத்திரை அழுத்தும் இயந்திரம், குருணை உலர்த்தும் கருவி, தூசு உறிஞ்சும் அமைப்பு ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவர். உற்பத்தி நடைபெறும்போது இவை மூடியே இருக்கும். மருந்துத் தூசு உறிஞ்சப்பட்டு வடிகட்டியில் படியும். அந்த மூடியைத் திறப்பவரும், தூசு படிந்த வடிகட்டிப் பையைக் கழற்றுபவரும் தொழில்நுட்பரே. ஆகையால், நாள் முழுவதும் இயந்திரத்தின் அருகில் நிற்பவரைவிட, அரைமணி நேரம் அதைத் திறந்து வைத்திருப்பவர் மிகுதியான தூசியைச் சுவாசிக்க நேரலாம்.

பெனிசிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகள், மலச்சிக்கலுக்குத் தரப்படும் இசப்கோல், செரிமான நொதிகள் ஆகியவற்றின் தூசு சிலருக்கு ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவை உண்டாக்குகிறது. இது முதல் நாளிலேயே தோன்றுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் அப்பொருளைப் பகையாக அடையாளம் கண்டுகொள்ள மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். அதன்பின் மிகச் சிறிதளவு தூசே போதும். "பத்து வருஷமா இதே வேலைதான், இப்ப மட்டும் ஏன்?" என்று பலரும் கேட்பதற்கு விடை இதுவே. மேலும், தூசியைச் சுவாசித்துப் பல மணி நேரம் கழித்தும் இரைப்பு வரக்கூடும். பகல் வேலையின் விளைவு இரவில் வீட்டில் தெரிவதால், பழி பெரும்பாலும் மின்விசிறியின்மீதும் குளிர்ந்த நீரின்மீதும் விழுகிறது.

இதைக் கண்டறிய எளிய கருவி ஒன்று உண்டு. பீக் ஃப்ளோ மீட்டரில் நாளொன்றுக்கு நான்கு முறையேனும் ஊதி, வேலை நாள்களையும் விடுமுறை நாள்களையும் உள்ளடக்கி இரண்டு முதல் நான்கு வாரங்கள் குறித்துவர வேண்டும். இக்குறிப்பை எழுதுவதில் குடும்பத்தாரின் உதவி பெரிது. வேலையை விட்டுவிட்டு மருத்துவரிடம் வருவதைவிட, வேலையில் இருக்கும்போதே வந்தால் காரணத்தை உறுதிசெய்வது எளிது. மூச்சுத்திணறல் கடுமையாக இருப்பின் மட்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டா.

இன்ஹேலர் இரைப்பைத் தணிக்கும். ஆனால் தூசியிலிருந்து விலகாமல் இன்ஹேலரை மட்டும் நம்புவது சரியன்று. விலகுவது தாமதமானால், பின்னர் வேலை மாறினாலும் ஆஸ்துமா நிலைத்துவிடலாம். துணி முகக்கவசம் இத்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் சுவாசக் கவசம் தேவை. தாடி வளர்த்திருந்தால் அதுவும் பொருந்தாது. இயந்திரத்தில் படிந்த தூசியை அழுத்தக் காற்றால் ஊதித் துடைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதை அறவே கைவிட வேண்டும். வேலை உடைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குழந்தைகளின் துணியோடு துவைக்கலாகாது. பெனிசிலின் தூசியால் ஒவ்வாமை ஏற்பட்டவர், எந்த மருத்துவரிடம் சென்றாலும் மருந்துச் சீட்டு எழுதப்படுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு அம்மருந்தின் ஊசியோ மாத்திரையோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் கூறிய அந்த நண்பர் இப்போது அதே ஆலையில் கொதிகலனையும் நீர் சுத்திகரிப்பு அமைப்பையும் கவனிக்கிறார். இரவில் உறங்குகிறார். இன்ஹேலரின் அளவு குறைந்திருக்கிறது. முற்றிலும் நிறுத்த இன்னும் இயலவில்லை.