படத்தொகுப்புக்குரிய கணிப்பொறியும் திரையும்

கேரள மாநிலத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் அமைந்துள்ளது அகளி. இங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் பாடல்கள் வாய்மொழியாகவே வழங்கி வருபவை. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா, 2020-ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான தேசிய விருதினைப் பெற்றார். பாடும் முதியவர் மறைந்தபின் அவர் பாடலை மீண்டும் ஒளிப்பதிவு செய்தல் இயலாது. ஆதலின், இத்தகைய பதிவுகளைத் தொகுக்கும் ஆசிரியரும் களப்பணியாளரும் தம் கருவிகளை ஆராய்ந்து தேர்தல் வேண்டும்.

முதலாவது, சேமிப்பு. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் படம், ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். தொகுக்குங்கால் விரைந்தியங்கும் எஸ்.எஸ்.டி. பயன்படும். மூலப்பதிவுக்கு வேறிரு வன்தட்டுகளில் படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருத்தல் நலம். மின்தடையால் வேலை கெடாதிருக்க யு.பி.எஸ். தேவை.

இரண்டாவது, கணிப்பொறி. 4கே படத்தின் புள்ளிகள் 3840 × 2160. இது முழு எச்.டி. படத்தினும் நான்கு மடங்கு. 32 ஜிகாபைட் நினைவகம் இதற்குப் போதுமானது. வேகம் குறைந்த கணிப்பொறியாயின், சிறிய அளவுப் படிகளைக் கொண்டு தொகுத்து, முடிவில் மூலப்பதிவுடன் இணைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, திரை. அதன் பளபளப்பினும் நிறத்தின் உண்மையே முதன்மையானது. திரையில் நீலம் மிகுந்திருப்பின், தொகுப்பவர் அதனை ஈடுசெய்யச் செம்மையைக் கூட்டுவார். பிறர் திரையில் பாடுபவரின் முகம் இயல்பிழந்து சிவந்து தோன்றும். ஆதலின் ஐ.பி.எஸ். வகைத் திரையைத் தேர்ந்து, நிறமானியால் அளந்து சீர்செய்தல் வேண்டும்.

பணம் குறையுமாயின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். படிகளைக் குறைத்தல் கூடாது.