தையல் மிஷினும் ஊழியமும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறேன். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. சபை ஊழியத்துக்கு நேரமே இல்லை. கர்த்தருக்கென்று நான் என்ன செய்கிறேன் என்று மனம் வாதிக்கிறது.
– ஒரு சகோதரி, ஆம்பூர்

சகோதரி, நீங்கள் தைக்கும் ஷூவே ஊழியம்தான். யோப்பாவில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார்.

உங்கள் பக்கத்து ஊரையே பாருங்கள். 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகி அழியக் காரணம் உணர்ச்சி மரத்துப்போவதே என்று கண்டார். ஆணி குத்தினாலும் செருப்பு கடித்தாலும் வலிக்காது, நடந்துகொண்டே இருப்பார்கள். அறுவை சிகிச்சையில் பேர்பெற்ற அந்த மனிதர், மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புக்காகச் செருப்புத் தொழிலாளர்களோடு சேர்ந்து பாடுபட்டார். கால்களைக் காப்பாற்றியதில் அந்தச் செருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தைத்தவர்கள் செய்ததும் ஊழியமே.

நாளைக்கே தொடங்குங்கள். தோலில் விழுந்த ஊசி ஓட்டை மூடாது. அதனால் தையல் விலகினால் மறைக்காமல் சூப்பர்வைசரிடம் காட்டிவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த பெண் டார்கெட் முடிக்கத் திணறினால், டீ நேரத்தில் கைப்பழக்கம் சொல்லிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை குற்றவுணர்ச்சி இல்லாமல் ஆராதனைக்குப் போங்கள்.