கணிப்பொறிக்கு நோய் வந்தால்

வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் மெயின்ஃப்ரேம் கணிப்பொறிகளில், ஒரு நிரலின் செய்தியை மற்றொரு நிரலிடம் சேர்க்கும் தபால்காரர், 1993இல் அறிமுகமான 'ஐபிஎம் எம்கியூ' என்னும் மென்பொருள். அது பதிலின்றி உறைந்துவிட்டால், உடனே நிறுத்தி மறுபடி இயக்கவே கை துடிக்கும். பொறுங்கள்! நிறுத்தினால் நினைவகத்திலுள்ள தடயம் அழிந்துவிடும். முதலில் அதை 'டம்ப்' என்னும் நகலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்பு, 'சிஎஸ்கியூ' என்று தொடங்கும் அறிவிப்புகள், கியூ மேலாளரின் பணிப்பதிவு, கணிப்பொறியின் சிஸ்லாக், மென்பொருளின் பதிப்பு எண், கோளாறு நேர்ந்த நேரம் ஆகியவற்றைத் திரட்டி நிபுணருக்கு அனுப்ப வேண்டும்.

காய்ச்சல் எப்போது கண்டது, பிள்ளை என்ன உண்டது என்று மருத்துவரிடம் தாய் சொல்வதில்லையா? அதுபோல, கோளாறுக்கு முன் நாம் செய்த மாற்றத்தையும் கூற வேண்டும். அச்சத்தால் மறைத்தால் நோய் நீடிக்கும். உண்மை சொன்னால் பாதி நோய் தீரும்.