கம்ப்யூட்டர் விடை சொன்னால் போதுமா?



கிரேமர் விதியில் அணிக்கோவை போட்டுப் போட்டுக் கை வலித்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிரான்ஸ் நாட்டின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள் சைலேப்பில் அதே வேலை ஒரே வரிதான். கெழுக்களை அணியாகவும், வலப்பக்க எண்களை நிரலாகவும் கொடுத்து நடுவில் \ குறி போட்டால், காஸ் நீக்கல் முறையில் விடை வந்துவிடும்.

லேபில் நான் கொடுத்தவை:

எக்ஸ் + ஒய் = 2
எக்ஸ் + 1.001 ஒய் = 2

விடை: எக்ஸ் = 2, ஒய் = 0.

கடைசி எண் மீட்டரில் பார்த்த அளவு. அதே மீட்டரை 2.001 என்று படித்த நண்பனுக்கு வந்ததோ எக்ஸ் = 1, ஒய் = 1! "உன்னுதுதான் தப்பு" என்று இருவருக்கும் சண்டை. பிரதியிட்டுப் பார்த்தோம், அவரவர் சமன்பாட்டுக்கு இரண்டுமே சரி. மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தரவில்லை.

வரைபடம் போட்டதும் காரணம் புரிந்தது. இரண்டு கோடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே சாய்வு. ஒன்று நூலளவு நகர்ந்தாலும் வெட்டும் புள்ளி எங்கோ ஓடிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க 'காண்ட்' என்றொரு கட்டளை இருக்கிறது. எங்கள் அணிக்கு அது சுமார் 4002 காட்டியது. அளவீட்டில் உள்ள பிழை விகிதம் விடையில் அத்தனை மடங்கு வரை பெருகலாம் என்று அர்த்தம். 1-க்குப் பக்கத்தில் வந்தால் பயமில்லை.

ஆகவே நண்பர்களே, விடையை ரெக்கார்டில் எழுதுமுன் ஒரு தடவை காண்ட் போட்டுப் பாருங்க. எண் பெரிதாக வந்தால் மீட்டரை மறுபடி படிச்சிடுங்க.