ஒழுங்கு

ஒழுங்கு என்பது நாம் நாள்தோறும் வழங்கும் சொல். இது ‘ஒழுகு’ என்ற அடியிலிருந்து பிறந்தது. ஒழுகுதல் என்பதற்கு இடையறாது செல்லுதல், நெறிப்படி நடத்தல் என்று பொருள். ஒழுக்கம் என்ற சொல்லும் இவ்வடியிலிருந்தே வந்தது. எமது ஊர்களிலே இரு வேலிகளுக்கிடையே செல்லும் பாதையை ஒழுங்கை என்கிறோம். ஒழுங்கு என்பதில் இரண்டு கருத்துகள் அடங்கும். ஒன்று, காலந் தவறாமை. மற்றையது, உரியதை உரிய இடத்தில் வைத்தல். இவை பல துறைகளிலும் எவ்வாறு விளங்குகின்றன என்பதைச் சிறிது சிந்திப்போம்.

முதலில் மொழியைப் பார்ப்போம். க, ச, ட, த, ப என்னும் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ககரம் அடிநாவிலும், சகரம் இடைநாவிலும், டகரம் நுனிநாவிலும், தகரம் பல்லடியிலும், பகரம் உதட்டிலும் பிறக்கின்றன. ஒலி உள்ளிருந்து படிப்படியாக வெளியே வருகிறது. ஒவ்வொன்றின் பின்னும் அதன் இனமான ங, ஞ, ண, ந, ம நிற்கிறது. பாலர் வகுப்பில் பாடமாக்கிய வரிசைக்கு இத்தனை காரணம் உண்டு.

விஞ்ஞானத்திலும் ஓர் உதாரணம் உண்டு. உருசிய அறிஞர் மெண்டலீவ் 1869 ஆம் ஆண்டில் மூலகங்களை வரிசைப்படுத்தி ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டார். சில இடங்களில் பொருந்தும் மூலகம் எதுவும் இருக்கவில்லை. அவர் அவ்விடங்களை வெறுமையாக விட்டு, அங்கே வரவேண்டியவற்றின் இயல்புகளையும் முன்கூட்டியே எழுதினார். 1875 இல் கலியமும், 1879 இல் ஸ்கண்டியமும், 1886 இல் ஜேர்மானியமும் கண்டறியப்பட்டு அவ்விடங்களை நிரப்பின.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. ஒழுங்கு இருக்குமிடத்திலேதான் இல்லாதது எதுவென்று தெரியவரும். எழுதுவினைஞனாக அரச அலுவலகத்தில் இருந்த காலத்தில் அடியேன் இதை அனுபவத்திற் கண்டேன். கோவையிலுள்ள கடிதங்களுக்கு இலக்கமிட்டு வைத்தால், ஒரு கடிதம் காணாமற் போனாலும் இலக்கமே காட்டிக் கொடுத்துவிடும். குவியலாகக் கிடந்தால் பத்துப் போனாலும் தெரியாது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதும் இதற்காகவே. துடிப்பு சீராக வருவதால்தான் ஒன்று தவறும்போது கைக்குத் தெரிகிறது.

ஆலயத்திலே நாம் ஓதும் பஞ்சபுராணமும் இத்தகையதே. தேவாரம் முதல் ஏழு திருமுறைகள். திருவாசகம் எட்டாந் திருமுறையில் உள்ளது. திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் ஒன்பதாந் திருமுறை. பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறை. வரிசை மாறாமல் ஓதி வருவதால், ஒன்று விடுபட்டால் பக்கத்தில் நிற்கும் சிறுபிள்ளையே எடுத்துக் கொடுக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது ஆலயத்துக்குக் காலைப் பூசைக்குப் பூக் கொண்டுவரும் ஆச்சி ஒருவர் இருந்தார். மணி அடிக்கும்போது தீர்த்தக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவரைக் காணவில்லை. “ஆச்சி வரேல்லை, ஒருக்காப் போய்ப் பாருங்கோ” என்றார் ஐயர். போய்ப் பார்த்தோம். தனியே இருந்த அந்த மூதாட்டி முற்றத்தில் விழுந்து எழும்ப முடியாமற் கிடந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதாற் பிழைத்துக்கொண்டார்.

இப்போது உபயகாரர் வரப் பிந்துகிறது என்று பூசையைப் பிந்தச் செய்யும் வழக்கம் வந்துவிட்டது. தருமகர்த்தா என்ற முறையில் அடியேனும் இதற்கு இணங்கியதுண்டு. அது தவறு. ஒருநாள் ஆறு மணிக்கும் மறுநாள் ஏழரைக்கும் மணி அடித்தால், யார் வந்தார், யார் வரவில்லை என்பதை எவர் அறிவார்? அன்றும் அப்படி நடந்திருந்தால் ஆச்சியை நாம் தேடிப் போயிருக்கமாட்டோம்.

ஆகவே, நேரந் தவறாமல் மணி ஒலிப்பதற்கு நாம் ஆவன செய்வோம். மணியோசை கேட்டு வரும் அடியார்களே, வழக்கமாக உங்கள் அருகில் நிற்பவர் வந்திருக்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள். எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் அனைவருக்கும் திருவருள் பாலிப்பாராக.