மூன்று சென்ட் நிலமும் ஐந்து கோழிகளும்

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்துவந்த 'குடிகிடப்பு'க்காரர்கள் அதன் மூலம் தங்கள் குடிசையையும் அதைச் சூழ்ந்த மண்ணையும் விலைக்குப் பெறும் உரிமையை அடைந்தனர். அந்த மண்ணின் அளவையும் சட்டமே வரையறுத்தது: ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், சிறு நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரு நகராட்சியிலும் 3 சென்ட். மூன்று சென்ட் என்பது ஏறக்குறைய 1,300 சதுர அடி. வீடும் கழிப்பறையும் போக அதில் எஞ்சும் இடத்தில் ஒரு குடும்பம் எதை விளைவிக்க முடியும் என்ற கேள்வி, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வாழும் அம்மாநிலத்தில், பொருளாதார மாணவர்கள் சற்று நின்று ஆராயத்தக்கதாகும்.

இக்கேள்விக்கு மிகக் கடினமான களம் மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் குவிந்த பண்டகசாலைகளுக்குப் பெயர்பெற்ற இத்துறைமுக நகர், 1967 நவம்பர் முதல் நாள் எர்ணாகுளத்துடனும் ஃபோர்ட் கொச்சியுடனும் இணைந்து கொச்சி மாநகராட்சியின் பகுதியாயிற்று. வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. மண் மணற்பாங்கானது; நீரையும் உரத்தையும் தேக்கி வைக்காது. நிலத்தடி நீரில் உப்பு கலந்திருப்பதால் குடிநீருக்குக் குழாயையே நம்ப வேண்டும். எனினும் முற்றத்தின் மூலையில் ஒரு முருங்கை, மதிலில் படரும் கோவை, கறிவேப்பிலை, காந்தாரி மிளகாய், இடமிருந்தால் ஒரு தென்னை அல்லது கடச்சக்கை மரம் ஆகியவற்றை இங்கே காணலாம். மண் இல்லாதோர் மொட்டை மாடியில் பைகளிலும் பழைய வாளிகளிலும் பயிரிடுகின்றனர்.

கேரளத்து வீட்டுத் தோட்டத்தின் ஆண்டு சித்திரையில் தொடங்குவதில்லை, மழையில் தொடங்குகிறது. இடவப் பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. அதற்குச் சற்று முன்னதாக வெண்டையும் மிளகாயும் நட்டவர்களுக்கு ஓணத்தின்போது காய் கிடைக்கும். 'ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி' என்ற மாநில அரசின் திட்டம் இப்பழைய கணக்கையே அடியொற்றியது. ஜூன் இறுதியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலை, கொடியோ கொம்போ எதை நட்டாலும் வேர்பிடிக்கும் காலமென்று உழவர் நம்புகின்றனர். மண்ணின் ஈரமும் இடையிடையே வரும் வெயிலும் ஒன்றுகூடும் நாட்கள் அவை என்பதால் அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை.

கர்க்கடக மாதத்தின் அடைமழையில் தோட்டம் ஓய்கிறது. ஆயினும் அடுப்பு ஓய்வதில்லை. தகரை, மூக்கிரட்டை, சேம்பு, பூசணி, தடியங்காய் முதலியவற்றின் இலைகளைச் சேர்த்துச் சமைக்கும் பத்திலைப் பொரியல் அம்மாதத்திற்கே உரியது. இவற்றுள் பாதி யாரும் விதைக்காமல் தானே முளைத்தவை. கையில் காசும் சந்தையில் காயும் குறைந்த மாதத்தில் வேலியோரம் உணவளித்த ஏற்பாடு என்று இதைக் கொள்ளலாம். செங்கீரைக்கு மட்டும் இம்மழை ஆகாது. இலைப்புள்ளி நோய் தாக்கி ஒரே வாரத்தில் பாத்தியை அழித்துவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ-1' என்ற பச்சைக் கீரை இந்நோயைத் தாங்குவதால், அதைச் சிவப்புக் கீரையோடு கலந்து விதைக்குமாறு கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி, கோடையில் பள்ளப்பாத்தி என்ற எளிய மாற்றமும் பெரும் பலன் தருவது.

துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழை ஓய்ந்ததும் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் நடலாம். ஆனால் விருச்சிக மாதத்தில் மேற்குக் கொச்சிக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. 'விருச்சிக வேலியேற்றம்' எனப்படும் உயரலையின்போது காயல் நீர் ஓடைகள் வழியே தாழ்ந்த முற்றங்களில் புகுந்துவிடுகிறது. இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி ஆகிய தெற்குப் பகுதிகளில் இத்துன்பம் அதிகம். ஒரு முறை உப்புநீர் நின்ற மண்ணில் அடுத்த மழை கழுவும்வரை கீரை முளைப்பது அரிது. பைகளையும் வாளிகளையும் செங்கல் மேல் உயர்த்தி வைப்பது இங்கே அழகுக்காகச் செய்யப்படுவதன்று.

கிழங்கிற்குரிய மாதம் கும்பம். கும்பத்தில் நட்ட சேனை குடத்தளவும் மீனத்தில் நட்டது மீன் கண்ணளவும் விளையும் என்பது பழமொழி. மேடத்தில் விஷுக்கணிக்கு வைக்கும் பொன்னிற வெள்ளரியை விளைவிக்க மட்டாஞ்சேரியில் இடமேது. அது வெளியிலிருந்தே வர வேண்டும்.

இனிக் கோழிக்கு வருவோம். நாட்டுக் கோழி ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடும். மண்ணுத்தியில் புறக்கடை வளர்ப்பிற்கென உருவாக்கப்பட்ட கிராமஸ்ரீ, கிராமலட்சுமி போன்ற இனங்கள் சுமார் 180 முட்டைகள் தரக்கூடியவை. முட்டையிடச் சேவல் தேவையில்லை. அதிகாலையில் கூவும் சேவல் இல்லாதிருப்பது அண்டை வீட்டாரின் நட்புக்கும் நல்லது. ஐந்து பெட்டைகள் இருப்பின் ஆண்டில் 900 முட்டைகள், வாரத்திற்குப் பதினேழு, கிடைக்கும் எனக் கணக்கிடலாம். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீனி உண்ணும். ஐந்திற்கும் ஆண்டிற்கு 200 கிலோ தேவை. முழுவதையும் கடையில் வாங்கினால் நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்திறங்கும் முட்டையோடு இவ்வீட்டு முட்டை விலையில் போட்டியிட இயலாது. பாதித் தீனி சமையலறைக் கழிவிலிருந்தும் மீன் தலை, இறால் ஓட்டிலிருந்தும் வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. புறக்கடைக் கோழியின் பொருளாதாரம் முழுவதும் இந்தப் பாதியில்தான் அடங்கியிருக்கிறது.

அதே பாதி நகராட்சிக்கும் முக்கியமானது. 2023 மார்ச் மாதம் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ பல நாட்கள் அணையாமல் கொச்சியைப் புகையில் மூழ்கடித்த பிறகு, மட்கும் கழிவை அது தோன்றும் இடத்திலேயே கையாள வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. ஐந்து கோழிகள் நாளொன்றுக்கு கால் கிலோவுக்குக் குறையாத கழிவை உண்டு, அரைக் கிலோ எருவைத் தருகின்றன. பச்சை எரு செடியைக் கருக்கிவிடும்; தென்னை நாரோடும் சருகோடும் கலந்து சில வாரங்கள் மட்கவிட்ட பின்னரே மணல் மண்ணுக்கு இட வேண்டும்.

பருவங்கள் கோழியையும் விடுவதில்லை. மழையில் கூட்டுத்தரை நனைந்தால் இரத்தக் கழிச்சல் பரவும். உமியை அடிக்கடி கிளறி, சுண்ணாம்பு தூவி உலர்த்த வேண்டும். கோடையில் இளைக்கும் கோழியின் முட்டை ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த நீரும், வேம்பநாட்டுக் காயலில் தாராளமாகக் கிடைக்கும் கிளிஞ்சல் தூளும் அதற்கு மருந்து. வெள்ளைக் கழிச்சலுக்குக் குஞ்சுப் பருவத்திலும் எட்டாவது வாரத்திலும் தடுப்பூசி போடாதவர்கள் ஒரே இரவில் கூட்டையே இழக்க நேரிடும். கீரியும் பெருச்சாளியும் தனிக்கதை.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழியினங்களின் எண்ணிக்கை 31.7 கோடி, முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகம். வீட்டிலேயே விளைந்து வீட்டிலேயே உண்ணப்படும் முட்டையும் கீரையும் தேசிய வருமானத்தில் சேர்க்கப்பட வேண்டியவை என்பதே கணக்கியல் விதி. ஆயினும் மூன்று சென்ட் முற்றத்தின் விளைச்சலைக் கணக்கெடுப்பவர் எத்தனை பேர்? அம்முற்றத்தைப் பேணுவது பெரும்பாலும் பெண்கள் என்பதால், அவர்கள் உழைப்பும் அதனுடன் கணக்கிலிருந்து நழுவுகிறது.

இவ்விளைச்சலின் மதிப்பு அரசேட்டில் எழுதப்படும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது பறவைக் காய்ச்சல். அண்டையிலுள்ள ஆலப்புழை மாவட்டத்தில் 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் இந்நோய் தோன்றியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்திற்குள் உள்ள பறவைகள், வீட்டுக் கோழி உட்பட, அழிக்கப்படுகின்றன. நோய் மனிதருக்கும் பரவக்கூடியது ஆதலால் இதில் தளர்வுக்கு இடமில்லை. கேரளத்தில் இந்நிகழ்வுகளின்போது அறிவிக்கப்பட்ட இழப்பீடு, இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குட்பட்டதற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய். அரசு மதிப்பிட்ட அதே ஐந்து ரூபாயைக் கொண்டு கணக்கிட்டால், 180 முட்டை இடும் பெட்டையின் ஓராண்டு விளைவு 900 ரூபாய். வாங்கும் தீனிச் செலவில் அதன் பாதி போனாலும், எஞ்சுவது இழப்பீட்டைப் போல் இரு மடங்கு. இறைச்சிக்காகச் சில வாரங்கள் வளர்க்கப்படும் பறவைக்கும், இரண்டு ஆண்டுகள் குடும்பத்திற்கு முட்டையிடும் பறவைக்கும் வயதளவு ஒன்றே விலையை நிர்ணயிப்பது பொருத்தமாகாது. கூடு காலியான குடும்பம் மீண்டும் குஞ்சு வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்திற்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இன்னும் ஒரு வரி ஒதுக்கப்படவில்லை.