கிரீடம் நனைந்த ராத்திரி

கூத்துக் கலைஞரைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அவர் பொருளை ஒதுங்க வைக்காதீர்கள். தரையில் கிடந்தால் கிடக்கட்டும், தாண்டிப் போங்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாசம் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், என் தாலிச் சரட்டில் இருந்த இரண்டு குண்டுகளை நான் விற்றிருக்க வேண்டாம்.

அமிர்தியில் காட்டை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, முன்னால் ஷீட்டு போட்ட திண்ணை. கூடத்தின் ஒரு மூலையில் என் தையல் மிஷின், மிச்சமெல்லாம் அவருடையது. என் வீட்டுக்காரர் கட்டை வேஷம் கட்டுபவர். துரியோதனன் என்றால் போளூர், ஆரணி பக்கமெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேஷத்துக்கான கட்டைகளையும் அவரே செய்வார். கல்யாண முருங்கை மரத்தில் கனம் இருக்காது. விடிய விடிய தலையிலும் தோளிலும் சுமந்து ஆட அதுதான் தோது. அதைச் செதுக்கி, ஜிகினா ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதித்து, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று செய்வார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது மின்னுவதைப் பார்த்துத்தான் நானும் இவருக்குச் சம்மதம் சொன்னேன். அது ஒட்டப்படும் இடம் நான் சோறு போடும் இடம் என்று அப்போது தெரியாது.

பாத்திரம், துணி, தண்ணீர் பற்றி எழுத ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலும் அதேதான் நடக்கும். அரிதாரம் பட்ட தலையணை உறையை மட்டும் எடுத்ததும் தண்ணீரில் போடாதீர்கள். எண்ணெயில் குழைத்த நிறம் எண்ணெய்க்குத்தான் விடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள்.

அந்தச் சித்திரையில் என் மகனுக்குப் பத்து மாசம். தவழ்ந்து வந்தவன் திடீரென்று வீறிட்டான். முட்டியில் அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. ஊசியால் நெம்பி எடுத்தேன். கை நடுங்கியது. அவர் கூத்துக்குத் தாம்பூலம் வாங்கப் போளூர் போயிருந்தார். துணி வெட்டும் என் கத்தரிக்கோலால் அவர் தகரம் வெட்டி, அதன் வாய் மழுங்கிப்போனதும் அதே வாரம்தான். எல்லாம் சேர்ந்து தலைக்கேறியது. இரண்டு சிமெண்ட் சாக்கு எடுத்தேன். கிரீடம், புஜக்கட்டை, பசைக் கிண்ணம், ஜிகினாச் சுருள் எல்லாவற்றையும் வாரிப் போட்டுத் திண்ணைக் கோடியில் வைத்தேன். கூடத்தைக் கழுவி விட்டேன். கல்யாணமாகி அன்றுதான் அந்தத் தரையின் சிவப்பை முழுசாகப் பார்த்தேன். குழந்தையை அதில் படுக்க வைத்து நானும் பக்கத்திலேயே தூங்கிப்போனேன்.

நடுராத்திரி மலைப்பக்கமிருந்து கோடை மழை அடித்தது. இந்தப் பக்கத்து மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் வரும். காலையில் சாக்கிலிருந்து வாசல்வரைக்கும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஓடியிருந்தது. மைதாப் பசை கஞ்சியாகியிருந்தது. கண்ணாடிகள் உதிர்ந்து அடியில் கிடந்தன. கிரீடம் ஊறி, நெற்றிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

மறுநாள் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் பாரதக் கூத்தின் கடைசி ராத்திரி, பதினெட்டாம் போர். விடிந்தால் துரியோதனன் விழும் படுகளம். துரியோதனனுக்குக் கட்டை இல்லை.

அவர் வந்து பார்த்தார். "இன்னாம்மே பண்ணி வச்சிருக்க" என்று ஒரு வார்த்தை. அப்புறம் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

வேறொரு கூத்து ஜமாவில் வாடகைக்கு வாங்கிக் கட்டினார். அளவு சேராமல் நெற்றி அறுந்து ரத்தத்தோடு வந்தார். புதுக் கட்டை செய்யக் குண்டு போயிற்று. அத்தை ஊர் பூராவும் சொன்னார்: "எம் மருமவ கிரீடத்த மழையில போட்டவ." இன்றைக்கும் சொல்கிறார். குழந்தை முட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் கைவைக்கும்வரை அது அவர் போட்ட குப்பை. கைவைத்த பிறகு நேர்ந்த நஷ்டம் என்னுடையது. என் தப்பு சுத்தம் செய்தது இல்லை. அவர் சேர்த்ததை அவர் எதிரில், அவர் கையால் எடுக்க வைக்காததுதான்.

இவர் ஜமாவின் வாத்தியார் எனக்குப் புத்தி சொல்ல வந்தார். பாரதியார் குருவிக்கு அரிசியை வாரி இறைத்தபோது அவர் மனைவி பொறுத்துக்கொள்ளவில்லையா என்றார். ஐயா, அந்த அரிசியைக் கடன் வாங்கி வந்தவர் செல்லம்மா. அதைத் திருப்பித் தர வேண்டியவரும் செல்லம்மாதான். 1921இல் பாரதி போன பிறகு அவர் எழுத்து புத்தகமாக வர முன்னின்றதும் அந்த அம்மாதான். அவர் பொறுத்ததை எனக்குப் பாடமாகச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த ஆவணியில் சீட்டு எடுத்தேன், இருபதாயிரம். ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்றார்கள். நாத்தனார் வேலூரிலிருந்து வந்து, கட்டைக்குக் கொட்டகையா என்று சிரித்துவிட்டுப் போனார். கொட்டகைதான் போட்டேன், இன்றுவரை வருத்தமில்லை. நீங்களும் அதையே செய்யுங்கள். கொட்டகைத் தரையில் எதையும் வைக்காதீர்கள், கரையான் ஏறும். மார்பு உயரத்துக்கு மூங்கில் பரண் கட்டுங்கள். கதவுக்குக் கொக்கி கட்டாயம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். மைதா வாசனைக்குக் குரங்கு வரும், பிள்ளையும் வரும்.

கூடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டைத் தாண்டி வருவதைத் துடைப்பத்தால் அந்தப் பக்கம் தள்ளுவேன், எடுத்து வைக்கமாட்டேன். கத்தரிக்கோல் இரண்டு வாங்கினேன். என்னுடையதில் மஞ்சள் நூல் கட்டித் தனி ஆணியில் மாட்டினேன்.

2019இல் ஒன்றிய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதன்படி வீட்டுவேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அந்த வேலையில் செலவழித்தார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். இதை அவரிடம் படித்துக் காட்டினேன். சீசனில் 97 முடியாது என்றார். சரி, இரண்டு குடம் தண்ணீர் முடியும் இல்லையா என்றேன். உங்கள் வீட்டுக்காரரும் கூத்து முடிந்து விடியற்காலம்தானே வருவார், அந்த நேரத்தைப் பிடியுங்கள். படுத்துவிட்டால் சாயங்காலம்வரை எழுப்ப முடியாது. இவர் இப்போது முகத்தில் பாதி அரிதாரத்தோடு குழாயடிக்குப் போய்விட்டுத்தான் பாய் விரிக்கிறார். அக்கம்பக்கத்தில் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

நனைந்த கட்டைக்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக் குண்டை ஜாக்கெட் தைத்த காசில் மூன்று வருஷத்துக்கு முன்பே வாங்கிக் கோத்துவிட்டேன். இன்னொன்று கண்ணாடிச் சில்லைத் தரையில் விட்டவர் கணக்கு. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொட்டகைக் கதவின் உள்பக்கம், அவர் கிரீடம் எடுக்கும்போது கண்ணில் படும் உயரத்தில், அவருடைய பசையாலேயே ஒட்டியிருக்கிறேன். இந்த ஆடிக்குள் என்று சொல்லியிருக்கிறார்.